ஏழு ஏக்கர் கொறங்காடும் கார்பன் பணமும்

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்கு 7 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. ஆடு மேய்க்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். நாட்டு மரக் காடாக மாற்றினால் கார்பன் கிரெடிட்டில் ஏக்கருக்கு வருடம் 40,000 ரூபாய் வரும், பதிவுக்கு ஏக்கருக்கு 5,000 கட்டி 30 வருட ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறார் ஒருவர். போடலாமா?

வேண்டாம். காடு வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறேன்.

மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்துவைக்கிற கரியமில வாயுவுக்குத்தான் கார்பன் கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் வாயு. ஒரு டன் காய்ந்த மரத்தில் அடங்குவது சுமார் 1.7 டன். கிரெடிட் 1,000 ரூபாய்க்கு விற்றது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 40,000 வர வேண்டுமானால் ஒவ்வொரு ஏக்கரிலும் வருடா வருடம் 20 டன்னுக்கு மேல் புதிதாக மரம் தேற வேண்டும். உங்கள் ஊர் மழைக்கு வெள்வேலும் வெப்பாலையும் அப்படி வளராது. முன்பணம் கேட்கிறவர் இந்தக் கணக்கை உங்களிடம் சொல்ல மாட்டார். திட்டப் பதிவு எண் என்ன, கிரெடிட்டைப் பதிந்து வழங்குவது எந்தப் பதிவேடு என்று கேளுங்கள். மத்திய அரசின் கிரீன் கிரெடிட் (பசுமைக் கடன்) திட்டத்தைக் காட்டினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள், 2023இல் வந்த அந்தத் திட்டம் வேறு, கார்பன் கிரெடிட் வேறு. முக்கியமாக, பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு மகள் கல்யாணத்துக்கு ஓர் ஏக்கர் விற்கப் போனால் வில்லங்கச் சான்றில் அதுதான் வந்து நிற்கும்.

இன்னொன்று, "இருக்கிறதை எல்லாம் பொக்லைன் விட்டுச் சுத்தம் பண்ணிவிட்டுக் கன்று நடலாம்" என்பார்கள். விடாதீர்கள். இயற்கையாக இருந்த தாவரங்களை அழித்து 10 வருடம் ஆகாத நிலத்தைப் பெரிய பதிவேடான வெர்ரா ஏற்பதில்லை. இதில் சீமைக் கருவேலம் மட்டும் விலக்கு, அது இந்த மண்ணின் மரம் இல்லை. ஆனாலும் அதை எடுப்பதிலும் முறை இருக்கிறது. மேலே வெட்டினால் அடியிலிருந்து தழைத்துவிடும், மண் ஈரமாக இருக்கும்போது, காய் பிடிப்பதற்கு முன்னால், வேரோடு எடுக்க வேண்டும். அதன் நிழலில் வேம்பு, உசிலைக் கன்றுகள் ஒளிந்திருக்கும், அவற்றைப் பார்த்துப் பார்த்து விட்டு எடுக்க வேண்டும், அதனால்தான் ஆள் வைத்து எடுக்கச் சொல்கிறேன். எடுத்த மரத்தில் இருந்த கார்பனையும் கணக்கில் கழிப்பார்கள். அப்புறம் வெளி ஆடு உள்ளே வந்தால் புழுக்கையோடு விதையும் வந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஏற்பாட்டின் மேல்தான். ஆவணம், வெளித் தணிக்கை, அளவீடு என்று பதிவுக்கே லட்சக்கணக்கில் ஆகும், 7 ஏக்கர்காரரால் தனியாக அதைத் தாங்க முடியாது. நூறு பேர் சேர வேண்டும், சேர்க்கிற வேலைக்குத் தரகர் வருகிறார். புதிதாகக் கூடுகிற கார்பனுக்குத்தான் காசு, இத்தனை வருடம் வெள்வேலை வெட்டாமல் காத்த உங்கள் அப்பாவுக்கு இதில் ஒரு பைசாவும் கிடையாது. எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லியாயிற்று, குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? ஏழு ஏக்கரையும் காடாக்காதீர்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியும் உள்ள கொறங்காடு தரிசு நிலம் இல்லை, காங்கேயம் மாடு அதில்தான் வளர்ந்தது, புல்லின் வேரும் மண்ணில் கார்பனைச் சேர்க்கிறது. இரண்டு ஏக்கரை மட்டும் பிரித்து, மழைக்கு முன் கிளுவைக் கம்பு ஊன்றி அடைத்து, மூன்று வருடம் ஆட்டை உள்ளே விடாதீர்கள். புல்லை அறுத்து வெளியே கொண்டுபோய்ப் போடலாம். ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகவே நின்ற காரையும் சூரையும் இலந்தையும் பழைய வேரிலிருந்தே எழும்பி வரும், நாற்றுக்குச் செலவில்லை. குத்தகைக்காரரிடம் இப்போதே பேசி, அந்த இரண்டு ஏக்கருக்கான வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியில் வேலி திறக்கும்.