கோயிலில் தாலி, பதிவு இல்லை: சட்டம் உதவுமா?

கேள்வி: அக்கா, என் தங்கைக்குக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று பதிவு செய்யவே இல்லை. இப்போது மாப்பிள்ளை கைநீட்டுகிறார். போன வாரம் பெல்ட்டால் அடித்திருக்கிறார். "ரெஜிஸ்டர் பண்ணாத கல்யாணத்துக்கு எந்தச் சட்டம் வரும்?" என்று சிரிக்கிறாராம். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசலாம் என்கிறார் அம்மா. நான் போய் அவளைக் கையோடு கூட்டி வந்துவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், ஜெலுத்தோங்)

பதில்: அந்தச் சிரிப்புக்கு இடமே இல்லை. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, மத முறையிலோ வழக்கப்படியோ சடங்கு செய்து சேர்ந்தவரும் துணைதான். பதிவு இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. கல்யாணப் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். விவாகரத்து, சொத்து என்று வரும்போது பதிவில்லாதது சிக்கலாகும். அதை வக்கீலிடம் பிறகு பேசலாம்.

கூட்டி வருவதைத் தங்கைதான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் நீங்களும் போய் "கிளம்புடி" என்று அதட்டினால், அவளை அதட்ட இன்னோர் ஆள் சேர்ந்ததாகத்தான் ஆகும். அதோடு, பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான் மிக ஆபத்தானது. திட்டமில்லாமல் வாசலில் போய் நிற்காதீர்கள்.

நீங்கள் அவளுக்கு அக்கா, உங்கள் அம்மாவுக்கு மகள், நாளைக்குத் தீபாவளிக்கு அந்த வீட்டு ஆட்கள் முகத்திலும் விழிக்க வேண்டியவர். போலீஸுக்கு வழக்கு முக்கியம், சமூக நலத்துறையான ஜேகேஎம்மின் அதிகாரிக்குக் கையில் நூறு கோப்பு. அவள் பக்கம் மட்டும் நிற்க, இவர்களில் யாரையும் சேராத ஓர் ஆள் வேண்டும். நம் பினாங்கில் 1985 முதல் டபிள்யூசிசி என்னும் மகளிர் அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. ஆலோசனை சொல்வார்கள், நீதிமன்றம் வரைக்கும் துணை நிற்பார்கள். அவளுக்குப் பதிலாக முடிவெடுக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்த விஷயம்.

கூட ஆள் இருந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மருத்துவமனைச் சமூகப் பணியில் இருந்தபோது இதைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கிறேன்: பலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிப்போர்ட் மலாயில்தான் ஏறும். பெண் தமிழில் அழுதுகொண்டே அரை மணி நேரம் சொன்னது, 'கணவர் அடித்தார்' என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். எந்தத் தேதி, எதை வைத்து அடித்தார், எங்கே காயம், என்ன சொல்லி மிரட்டினார், இதற்கு முன் எப்போதெல்லாம் நடந்தது என்று முதலிலேயே அவளோடு உட்கார்ந்து தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

பெல்ட் தடம் மறைவதற்குள் பினாங்கு பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகட்டும். ஓஎஸ்சிசி (One Stop Crisis Centre, வன்முறைக்கு ஆளானவர்களுக்கான பிரிவு) என்று கேட்டால் புரியும், கூட்டத்துக்கு நடுவே விசாரிக்காமல் தனியாக வைத்துப் பார்ப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "படியில் விழுந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். டாக்டர் அதையே எழுதுவார், நாளைக்கு அந்தத் தாள் மாப்பிள்ளைக்குத்தான் சாதகம்.

போலீஸ் என்றாலே பயப்படுகிறாளா? சரி. 2018 முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் ஜேகேஎம் அதிகாரியே தருவார், போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. ஆனால் அதன் ஆயுள் 7 நாள்தான். போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் தரும் இடைக்கால ஆணை வேண்டுமென்றால் ரிப்போர்ட் செய்தாக வேண்டும். அந்த ஒரு வாரத்தில் டபிள்யூசிசி ஆளோடு உட்கார்ந்து, நிதானமாக அதை முடிவு செய்யட்டும்.

அவள் வேலைக்குப் போகிறவள் என்றால் இடைவேளையில் பேசுங்கள். வாட்ஸாப்பில் எழுதாதீர்கள், அவள் கணக்கு அவருடைய கம்ப்யூட்டரிலும் திறந்திருக்கலாம். ஐசி (அடையாள அட்டை), வங்கி அட்டை, பிள்ளை இருந்தால் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். தாலியான் காசே (Talian Kasih) என்னும் உதவித் தொலைபேசி எண் 15999, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். அந்த எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இதில் எதையும் இப்போது சொல்ல வேண்டாம். நல்லெண்ணத்தில் மாப்பிள்ளைக்கே போன் போட்டுப் பேசிவிடுவார்.