டிக்கெட் கையில் இருந்தும் கதவுக்கு வெளியே: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: குடியாத்தத்தில் கைலி மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இசைக்குழு, சென்னையில் 120 பேர் மட்டும் கொள்ளும் ஒரு சின்ன அரங்கில் வாசிப்பதாக அறிவித்தார்கள். ஒன்று 1,499 ரூபாய் வீதம் இரண்டு டிக்கெட். சித்தப்பா மகன் தன் கைபேசியிலிருந்து பணம் கட்டினான். காட்பாடியில் ரயிலேறிப் போய், ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஆறரை மணிக்கே வரிசையில் நின்றோம். ஏழேகாலுக்கு 'உள்ளே நிறைந்துவிட்டது' என்று கதவை மூடிவிட்டார்கள். எங்களைப்போல் முப்பது பேராவது வெளியே நின்றார்கள். மூன்று பாட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பினோம். பணம் கேட்டால், 'டிக்கெட் தொகை திருப்பித் தரப்படாது' என்ற விதியைக் காட்டுகிறார்கள். வேண்டுமானால் அடுத்த நிகழ்ச்சிக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். வழக்குப் போடச் சென்னைக்கு அலைய வேண்டுமா?

பதில்: அலைய வேண்டாம், தம்பி. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இருந்தவரை, எதிராளி இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோதான் போக வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். உங்களுக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வக்கீலாகிய நானே சொல்கிறேன்.

'பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைப் பார்த்து மிரளாதீர்கள். நீங்கள் மனம் மாறி வராமல் இருந்திருந்தால் அந்த வரி அவர்களுக்கு உதவும். நீங்களோ வந்து நின்றவர். சேவையைக் கொடுக்காமலே காசை வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்று பெயர். குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாளுக்குள் திருப்பித் தராமல் மறுப்பது 'நேர்மையற்ற வணிக நடைமுறை' என்றும் அதே சட்டம் சொல்கிறது.

120 பேர் கொள்ளும் இடத்துக்கு ஏன் 150 டிக்கெட் விற்கிறார்கள்? நம்மூரில் கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைத்து எழுநூறு இலைக்குச் சமைக்கும் கணக்குதான். சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் பத்திரிகை வைக்கிறவர் யாரிடமும் 1,499 ரூபாய் வாங்குவதில்லை. 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த பெரிய நிகழ்ச்சியிலும் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அங்கே கூட்டம் கட்டுமீறியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். உங்கள் அரங்கில் தலையை விரல்விட்டே எண்ணலாம். அந்தச் சாக்கு செல்லாது.

இனி, பணம் கட்டியது நீங்கள் அல்ல என்ற விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். 'இவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லை' என்பார்கள். காசு கொடுத்தவர் மட்டும்தான் நுகர்வோர் என்று சட்டம் சொல்லவில்லை. அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான். அப்பா பணம் கட்டி மகனுக்கு வைத்தியம் பார்த்தால் மகனும் நுகர்வோர், அதுபோல. ஆனால் சம்மதம் இருந்தது என்று தெரிய வேண்டும். ஆகவே சித்தப்பா மகனையும் மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது. அவர் கணக்குக்கு நீங்கள் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் வையுங்கள். கையில் கொடுத்திருந்தால் பாதகமில்லை. இதே டிக்கெட்டை யாராவது இலவசமாக, விளம்பரப் போட்டியில் கொடுத்திருந்தால் கதை வேறு. காசே கைமாறாத இடத்தில் நுகர்வோர் கிடையாது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்ததற்கு வருகிறேன். இணையத்தில் தேடி, முதலில் வரும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணுக்குப் போன் போடாதீர்கள். காட்பாடி ஆசிரியை ஒருவர் 600 ரூபாய் டிக்கெட் பணத்துக்காக அப்படித்தான் போட்டார். எதிர்முனையில் பேசியவன் அத்தனை மரியாதை. 'மேடம்' போடாமல் ஒரு வாக்கியம் பேசவில்லை. 'பணம் திரும்ப வர ஒரு செயலியை இறக்குங்கள்' என்றான். இறக்கினார். அவருடைய கைபேசித் திரை அவனுக்குத் தெரியத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் 18,000 ரூபாய் போயிற்று. பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணோ, ஓடிபியோ, செயலியோ தேவையே இல்லை. யார் கேட்டாலும் அவன் திருடன். அப்படி ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். மறுநாள் காலை காபி குடித்துவிட்டு அல்ல.

இன்னொரு கூட்டம் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தின் வெளியிலேயே நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஏதோ நுகர்வோர் சங்கத்தின் பெயர் போட்ட கோப்பு. 'இரண்டாயிரம் கொடுங்கள், ஐம்பதாயிரம் வாங்கித் தருகிறேன்' என்பார்கள். 2,998 ரூபாய் வழக்குக்கு இரண்டாயிரம் தரகு! எதிராளியிடமும் பேசி, உங்களிடம் கையெழுத்து வாங்கி, வந்ததில் பாதியை அமுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். நல்ல சங்கங்களும் இருக்கின்றன. அவை வாசலில் ஆள் பிடிப்பதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிக்கெட் விற்ற இணையதளத்தில் குறைதீர் அலுவலர் பெயரும் தொடர்பு விவரமும் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்கும் நிகழ்ச்சி அமைப்பாளருக்கும் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் வர வேண்டும் என்பது மின்வணிக விதி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். சின்னத் தொகை பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று இணையதளம் சொல்லும். சொல்லட்டும், மனுவில் இருவரையும் எதிர்த்தரப்பாகப் போடுங்கள்.

சம்பவத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போக வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பிலோ, முதல் நோட்டீஸ் 'ஆள் இல்லை' என்று திரும்பவே இரண்டு மாதம் ஆகும். அடுத்தது வாய்தா, அதற்கடுத்தது ஆணையத்தில் உறுப்பினர் பதவி காலி. வீட்டிலிருந்தே மனு போடலாம் என்று இ-தாக்கில் தளத்தைக் கொடுத்தார்கள். மக்கள் அதைப் பழகுவதற்குள் 2025-இல் இ-ஜாக்ரிதி என்று வேறொன்று வந்துவிட்டது. சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு நாள் வரிசையில் நின்று ஒரு மனுவைப் பதிவு செய்து பார்க்கலாம். ஆகவே ஐந்து லட்சம் கேட்காதீர்கள். டிக்கெட் தொகை, ரயில் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, போதும். பெரிய தொகை கேட்ட மனு விரைவில் முடிந்து நான் பார்த்ததில்லை.

கூப்பன் மின்னஞ்சலை முழுதாகப் படியுங்கள். அடியில் பொடி எழுத்தில் 'இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்று இருந்தால் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். வாசலில் எடுத்த படங்களைக் கைபேசியிலிருந்து அழிக்காதீர்கள், கைபேசியையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். படத்தை அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது, இந்தக் கருவியில் எடுத்தது என்ற சான்றிதழ் ஒன்று கூடவே வைக்க வேண்டும். உங்களோடு வெளியே நின்றவர்களில் ஒருவரையாவது தெரியுமென்றால் அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்: ஆணையத்துக்கு, எதிர்த்தரப்புக்கு ஆளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

அடுத்த மாதம் அதே குழு வாசிக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள், அதனால் வழக்குக்கு ஒன்றும் ஆகாது. கூப்பனில் மட்டும் வேண்டாம், காசு கொடுத்தே வாங்குங்கள். ஐந்தரைக்கே வாசலில் இருங்கள்.