ரைசன் 2600-ஐ மாற்றும் முன் ராம் ஸ்லாட்டைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, புளியரையிலிருந்து எழுதுகிறேன். 2020 தொடக்கத்தில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்கில் 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரண்ட் ஆடும்போது எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கை) திடீர் திடீரென்று விழுகிறது. சைபர்பங்க் 2077 திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. புனலூரில் இருக்கும் சித்தி மகன் பிராசசர், போர்டு, ராம் மூன்றையும் மாற்றச் சொல்கிறான். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. மாற்றலாமா?

பதில்: மூன்றையும் மாற்ற வேண்டாம் தம்பி. 2022-இல் வந்த, ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டுகளுக்கு டிடிஆர்5 ராம்தான் பொருந்தும், டிடிஆர்4 வகையான உங்கள் பழைய ஸ்டிக் அதில் ஏறாது. ராம் விலையும் 2025 கடைசியிலிருந்து கடுமையாக ஏறிவிட்டது. 15,000 ரூபாய்க்குள் அந்த மூன்றும் புதிதாக அடங்காது. அடக்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்தியது பிராசசர் இல்லை, அந்த ஒற்றை 8 ஜிபி ஸ்டிக். சைபர்பங்குக்கு 2023-இல் மாற்றி அறிவித்த குறைந்தபட்சத் தேவையை எடுத்துப் பாருங்கள். பிராசசர் ரைசன் 5 1600 போதும், கார்டு 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 போதும். இரண்டிலும் நீங்கள் ஒரு படி மேலே இருக்கிறீர்கள். ராம் மட்டும் 12 ஜிபி கேட்கிறார்கள், உங்களிடம் 8. ராம் நிறைந்ததும் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். நீங்கள் சொல்லும் திக்கலில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கும். அதோடு ஸ்டிக் ஒன்றே ஒன்று என்றால் ராமுக்கும் பிராசசருக்கும் இடையே ஒரு வழிதான் திறந்திருக்கிறது. இன்னொரு ஸ்டிக் போட்டால் இரண்டு வழியும் திறக்கும். இந்த வித்தியாசம் ரைசனில் நன்றாகவே தெரியும்.

அதனால் முதல் செலவு, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். முடிந்தால் அதே மாடலாகவே தேடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். பிறகு பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு அது. அதை ஆன் செய்யாமலே ஐந்தாறு வருடம் ஓட்டிய எத்தனையோ கம்ப்யூட்டர்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. 3200 என்று எழுதி வாங்கிய ராம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். 2600-க்கு அதிகாரபூர்வ அளவு 2933. 3200-இல் தகராறு செய்தால் 2933-இல் வைத்துவிடுங்கள், ஒன்றும் குறையாது.

இத்தனைக்கும் பிறகு வேலரண்ட் விழுகிறதென்றால், அப்போது பிராசசரைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, பைசா செலவில்லை. கேமில் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி அதே மேப்பை ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில். அசையாமல் அதே எண்ணில் நின்றால் தடை பிராசசர் பக்கம். டாஸ்க் மேனேஜரில் சிபியு 45 சதவீதம்தான் காட்டுகிறது, அப்படியானால் பிராசசர் சும்மாதானே இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். 2600-இல் 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் 12 வேலை வரிசைகள். கேமின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒரு த்ரெட் முழுக்கத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். மொத்த எண்ணை நம்பாதீர்கள். கார்டின் எண்ணைப் பாருங்கள். எஃப்பிஎஸ்ஸுக்குப் பூட்டுப் போடாமல் ஆடும்போது கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் பிராசசர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

பிராசசர்தான் என்று தெரிந்தால் ரைசன் 5 5600 வாங்குங்கள். அதே ஏஎம்4 சாக்கெட், அதே 65 வாட், எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) மாற்ற வேண்டாம். இதிலும் ஆறு கோர்தானே என்று தயங்க வேண்டியதில்லை. 2600-இல் ஆறு கோர்களும் மும்மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதிக்கும் 8 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) வைத்துக்கொண்டிருக்கும். ஒரு பாதி மறு பாதியிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் சுற்றிப் போய்த்தான் கேட்க வேண்டும். 5600-இல் ஆறும் ஒரே கூரையின் கீழ், 32 எம்பி கேஷ் அத்தனைக்கும் பொது. வேலரண்ட் மாதிரி கேம்களுக்கு இதுதான் பெரிய லாபம். எட்டு கோர், 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி இன்னும் நல்ல பிராசசர்தான், ஆனால் 1660 சூப்பருக்கும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் அது அதிகப்படி. உங்கள் திரை நொடிக்கு 75 படம்தான் காட்டும். நமக்கு வேண்டியது அந்த 75-க்குக் கீழே விழாமல் இருப்பது.

வாங்கும் முன் பயாஸ். பி450 போர்டுகள் பழைய பயாஸில் 5600-ஐ அடையாளம் காணாது. மாட்டினால் திரையே வராது. அதனால் 2600 மாட்டியிருக்கும்போதே புது பயாஸை ஏற்றிவிட வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ரைசன் கம்ப்யூட்டர்களில் எஃப்டிபிஎம் (டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியின், பிராசசரிலேயே இருக்கும் வடிவம்) ஆன் செய்திருந்தால் இடையிடையே ஒரு நொடி உறைந்து போகும் கோளாறை ஏஎம்டியே 2022-இல் ஒப்புக்கொண்டு, அந்த மே மாதத்திலிருந்து புது பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஆட டிபிஎம் ஆன் செய்தே ஆக வேண்டும். உங்கள் திக்கலில் கொஞ்சம் இந்த வகையாகவும் இருக்கலாம்.

பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். புளியரையில் சாரல் பிடித்துக் காற்றும் அடிக்கும் நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். யுபிஎஸ் இல்லையென்றால் இரவல் வாங்கியாவது வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பழைய 5600-ஐ புனலூரிலோ கொல்லத்திலோ வாங்குவதாக இருந்தால், ஒரு போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரிலேயே இருக்கின்றன, மொத்தம் 1,331. ஒன்று வளைந்திருந்தாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஆரியங்காவு தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

கழற்றும்போதும் அந்தப் பின்கள் ஞாபகம் இருக்கட்டும். ஆறு வருடத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள், ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள், கிளிப்பையோ ஸ்க்ரூவையோ விடுவியுங்கள், அப்புறம் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். 2600-ஐ உடனே விற்றுவிடாமல் ஒரு மாதம் வைத்திருங்கள். புதிதாக மாட்டியது ஏதாவது தகராறு செய்தால், பழையதை மாட்டிப் பார்த்துத்தான் கோளாறு போர்டிலா பிராசசரிலா என்று கண்டுபிடிக்க முடியும்.