அல்சைமர் ஜீன் மாற்றம் மூளைக்குள் கால்சியத்தை எப்படிக் குழப்புகிறது? கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

அம்மாவுக்கு 72 வயதில் அல்சைமர் வந்திருக்கிறது, எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை நோயைக் கூட்டிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பாராதைராய்டு ஹார்மோன் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் கேட்கும் கோளாறு மூளையின் நரம்பு செல்லான நியூரானுக்குள் நடப்பது. மாத்திரையின் அளவை டாக்டரிடம் கேட்டு மட்டும் மாற்றுங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நான் கல்லூரியில் நரம்பு உயிரியல் எடுக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஓய்வில் இருக்கும் நியூரானுக்குள் கால்சியம் மிகக் குறைவு, சுமார் 100 நானோமோலார்தான் (நானோமோலார் என்பது செறிவின் அளவு). வெளியே அதைப்போல 10,000 மடங்கு. இரண்டு நியூரான்கள் இணையும் இடமான சினாப்ஸில் கால்சியம் சட்டென்று பலமாக ஏறி இறங்கினால் அந்த இணைப்பு வலுப்பெறும். லேசாக ஏறி நெடுநேரம் அப்படியே நின்றால், கால்சிநியூரின் என்ற நொதி வேலைசெய்து அதே இணைப்பைத் தளர்த்தும். அதனால் எவ்வளவு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நினைவுக்கு உயிர்நாடி.

நியூரானுக்குள்ளேயே ஒரு கால்சியம் சேமிப்பு இருக்கிறது: எண்டோபிளாச வலை. அதை ஏரி என்று வைத்துக்கொண்டால், ஐபி3 ரிசெப்டரும் ரயனோடின் ரிசெப்டரும் அதன் மதகுகள். பிரசெனிலின் என்ற புரதமும் அந்த வலையின் சவ்வில்தான் இருக்கிறது. 1995-ல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் ஜீனில் (பிஎஸ்இஎன்1) மியூட்டேஷன், அதாவது மாற்றம் இருந்தால் ஐபி3 மதகு சிறிய தூண்டலுக்கே அதிகமாகத் திறக்கிறது. ரயனோடின் மதகுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. வெளியேறும் கால்சியத்தின் ஒரு பகுதி செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து அதைத் திணறடிக்கிறது. கால்பெய்ன் என்ற நொதியும் தூண்டப்படுகிறது. அல்சைமரில் நியூரானுக்குள் சிக்கலாகத் திரளும் டௌ புரதம் கெட்டுப்போவதில் அதற்குப் பங்குண்டு. பிரசெனிலினே அந்தச் சேமிப்பிலிருந்து கால்சியம் கசியும் ஒரு பாதை என்று 2006-ல் ஒரு குழு சொன்னது. அதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது.

பிரசெனிலினின் இன்னொரு வேலை காமா செக்ரிடேஸ் என்ற நொதியாக, அல்சைமர் மூளையில் படியும் புரதத் துண்டான அமிலாய்டு பீட்டாவை வெட்டித் தருவது. அதனால் கால்சியக் கோளாறு அமிலாய்டின் விளைவுதானே என்று கேட்கலாம். ஆனால் இந்த மியூட்டேஷன் புகுத்தப்பட்ட எலிகளில் அமிலாய்டு படிவம் தோன்றாத இளம் வயதிலேயே கால்சியம் மிகையாக வெளியேறுகிறது. அதனால் இதை வெறும் பின்விளைவு என்று ஒதுக்குவது தவறு என்பதே என் கருத்து.

கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் இ280ஏ என்ற பிஎஸ்இஎன்1 மியூட்டேஷன் தலைமுறைகளாக வரும் பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. பிரான்சிஸ்கோ லோபேரா என்ற நரம்பியல் மருத்துவர் பல பத்தாண்டுகள் அவர்களோடு வேலை செய்தார். மியூட்டேஷன் உள்ளவர்களுக்கு சுமார் 44 வயதில் நினைவு தடுமாறத் தொடங்கி 49 வாக்கில் டிமென்ஷியா (அன்றாட வாழ்வையே பாதிக்கும் மறதி நோய்) ஆகிவிடுகிறது. பிள்ளை குட்டிகளை வளர்க்கும் வயது அது. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, ஐபி3 ரிசெப்டர்கள் ஏராளமாக உள்ள சிறுமூளையின் புர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நியூரான்களும் குறைந்திருந்தன. நினைவு தொடர்பான பகுதிகளோடு கேடு நிற்கவில்லை.

மருந்து? மெமன்டின் என்ற மருந்து, நியூரானின் வெளிச்சவ்வில் உள்ள என்எம்டிஏ ரிசெப்டர் என்ற வாசல் வழியாக நுழையும் கால்சியத்தைக் குறைக்கிறது. அறிகுறிகள் கொஞ்சம் தணியலாம், நோய் நிற்காது. காமா செக்ரிடேஸை அடக்கும் செமகாசெஸ்டாட் என்ற மருந்தின் சோதனை 2010-ல் நிறுத்தப்பட்டது, ஏனென்றால் நோயாளிகளின் நிலை இன்னும் மோசமானது.

இந்த வகை மியூட்டேஷனால் வரும் அல்சைமர் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு, பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வரும். 72 வயதில் தொடங்கிய உங்கள் அம்மாவுக்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. குடும்பத்தில் அடுத்தடுத்த தலைமுறைகளில் இளவயதில் யாருக்காவது வந்திருந்தால் மட்டும், ஜீன் பரிசோதனைக்கு முன் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.