பிள்ளையைத் தூக்கும்போது வரும் அந்த எண்ணம்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குழந்தைக்கு மூன்று மாதம், வீடு 12வது மாடியில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தால் ‘கீழே போட்டுவிடுவேனோ’ என்று ஓர் எண்ணம் பாய்கிறதாம். அடுப்படியில் கத்தியைக் கண்டாலும் அப்படித்தான். இப்போது தாழ்வாரத்துக்கே போவதில்லை, கத்தியை அலமாரிக்கு மேல் ஒளித்துவிட்டார், “நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?” என்று கணவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாமியார் கண்ணேறு என்கிறார். உறவினர் ஒருவர் கூட்டிப்போன இடத்தில் பரிகாரத்துக்கு 1,200 வெள்ளி கேட்டிருக்கிறார்கள். “எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? டாக்டரிடம் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?” என்பது அவர் கேள்வி.

இரண்டுக்கும் பதில், இல்லை.

நினைக்கக்கூட விரும்பாத ஒன்று மனத்தில் வந்து விழுவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கிறது. ரயில் வரும்போது குதித்துவிடுவேனோ, கோயிலில் நிற்கும்போது ஆபாசமாகக் கத்திவிடுவேனோ என்றெல்லாம் தோன்றும். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். புதிதாகத் தாயானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தானே பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்துபோவதாகக் கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்த எண்ணம் வந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அதனால் ஆபத்து கூடவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்களுக்கு உடம்பு நடுங்குவதே அந்த எண்ணம் உங்களுக்கு எவ்வளவு அந்நியம் என்பதைச் சொல்கிறது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், வேறொரு நோய் வரும். தூக்கமே இல்லாமல் இருப்பார், ஆனாலும் களைப்பு தெரியாது. பேச்சு தாறுமாறாகும், இல்லாத குரல் கேட்கும். பிள்ளைக்குள் ஏதோ புகுந்துவிட்டது, பிள்ளையைக் காப்பாற்ற ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நம்புவார். அந்த எண்ணம் அவருக்கு அச்சம் தராது, நியாயமாகவே படும். இதைப் பெரும்பாலும் கூட இருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும், ஆகவே கணவர்மாரே, இந்தப் பத்தியை நீங்கள் படியுங்கள். பத்தியம் முடியட்டும், வெள்ளிக்கிழமை போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், முடியாவிட்டால் 995ஐ அழையுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயந்து விலகி நிற்கும் இந்த வாசகியின் நிலை அதுவல்ல.

சரி, இவருக்கு அந்த எண்ணம் ஏன் கூடிக்கொண்டே போகிறது? கத்தியை ஒளிப்பது, தாழ்வாரத்தைத் தவிர்ப்பது, கணவரிடம் கேட்பது, இரவில் கூகிளில் தேடுவது, இவைதான் காரணம். கொசுக்கடியைச் சொறிவது மாதிரி, அந்த நிமிடம் சுகம், பிறகு அரிப்பு இரட்டிப்பு. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் ‘நல்லவேளை தப்பித்தோம்’ என்று மூளை படித்துக்கொள்கிறது.

ஆகவே திருப்பிப் போடுங்கள். கத்தியைப் பழைய இடத்தில் வையுங்கள். பிள்ளை கண்ணெதிரே தொட்டிலில் இருக்க, வெங்காயம் நறுக்குங்கள். எண்ணம் வரும். விரட்டாதீர்கள், வாதாடாதீர்கள், சாமி பெயரைச் சொல்லி மூடாதீர்கள். “வந்துவிட்டதா, சரி இரு” என்று நறுக்கிக்கொண்டே இருங்கள். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். பாதியில் எழுந்து போகாவிட்டால் அது தானாகவே இறங்கும். அப்புறம் தாழ்வாரம். முதலில் கணவருடன், பிறகு தனியாக. அவர் “நீ அப்படிச் செய்யமாட்டாய்” என்று நூறு முறை சொல்வதை நிறுத்த வேண்டும். “இது அந்த எண்ணம்தான், வா சாப்பிடலாம்” என்றால் போதும். தனியே செய்ய முடியாவிட்டால், இதையே படிப்படியாகச் செய்யவைக்கப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் இருக்கிறார்கள்.

அந்த 1,200 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். கோயிலுக்குப் போங்கள், அர்ச்சனை செய்யுங்கள், மாமியார் திருஷ்டி சுற்றினால் சுற்றட்டும், அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் “உங்கள் பிள்ளைக்குக் கண்டம்” என்று பயமுறுத்திப் பணம் கேட்பவர் உங்கள் பயத்துக்குத் தீனி போடுகிறார். பரிகாரம் முடிந்த மறுவாரம் எண்ணம் திரும்பும், அப்போது தொகை கூடியிருக்கும். ஃபேஸ்புக்கில் ‘21 நாளில் மனமாற்றம்’ விற்கும் பயிற்சியாளர்களும் இதே வகைதான். சிங்கப்பூரில் ‘ஆலோசகர்’ என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள முடிவது எனக்குப் பல காலமாக ஆத்திரம். பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னாலும் அப்படியே. மருத்துவர் என்று சொல்பவரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

போக வேண்டிய இடம் பலதுறை மருந்தகம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் போனால் அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் மானியக் கட்டணம். நேராகத் தனியாரிடம் போனால் அந்தச் சலுகை கிடையாது. பிரசவம் நடந்த மருத்துவமனையிலேயே தாய்மாருக்கான மனநலப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள், கேகே மருத்துவமனையில் இருக்கிறது. மருந்து தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம், இதற்குத் தரும் செர்ட்ராலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

காத்திருக்க வைப்பார்கள், அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. நெஞ்சில் இருப்பதைத் தமிழில் கொட்ட வேண்டியவருக்குத் தமிழ் பேசும் உளவியலாளர் கிடைப்பது இன்னும் அரிதாக இருக்கிறது. மாமியாரை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு ஒரு தாய் இதை எப்படிச் சொல்வார்? அதுவரை 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், மனநலக் கழகத்தின் எண் 6389 2222.

மருத்துவரிடம் “மனசு சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள், தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். “பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வருகிறது, எனக்கு அதில் விருப்பமில்லை, பயமாக இருக்கிறது, அதனால் இதையெல்லாம் தவிர்க்கிறேன்” என்று முழுதாகச் சொல்லுங்கள். தமிழ் பேசுபவர் வேண்டும் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.