பதில்: கிளப் ரைடில் பின்தங்கினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?
அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் சைக்கிள் கிளப்போடு சேர்ந்து ஓட்ட ஆசை, ஆனால் 50 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். போகும் முன் ஒரு போன் போட்டு, மெதுவாகப் போகும் குழு எது, கடைசி ஆளுக்காக நிற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், மட்கார்டு! குளிர்காலத்தில் அது இல்லையென்றால் உங்கள் பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேராகப் பின்னால் வருபவர் வாய்க்குத்தான். வேகம் குறைந்தால்கூடப் பொறுப்பார்கள், இதைப் பொறுக்கமாட்டார்கள்.

ரேஸ் ஆசை இப்போதைக்கு வேண்டாம். கால் பழகியதும் பக்கத்து ஊரான கேரிக்-ஆன்-ஷூர் போய்வாருங்கள், ஒரு வழிக்கு 30 கிலோமீட்டருக்குள்தான். பிரான்சின் பாரிஸ்–நீஸ் சைக்கிள் பந்தயத்தை 1982 முதல் 1988 வரை தொடர்ந்து 7 முறை வென்ற ஷான் கெல்லியின் ஊர். அங்குள்ள சதுக்கத்துக்கே அவர் பெயர்தான். 1998இல் டூர் டி பிரான்ஸும் அந்த வழியாகப் போனது. பக்கத்தில் செஸ்கின் மேடு இருக்கிறது, செங்குத்து. கீழேயே சின்ன கியருக்கு மாறிவிடுங்கள்.