விதைக்கிழங்கு: வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: விதை உருளைக்கிழங்கு ஒரு மூட்டை வாங்கி, ஈரம் படாதிருக்க பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி வைத்தேன். காற்றோட்டமாக வைக்கும்படி மூட்டையில் அச்சிட்டிருந்ததை நான் படிக்கவில்லை. ஒரு மாதத்தில் பாதி அழுகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. கிழங்கு மூச்சுவிடும் உயிர்ப்பொருள். கட்டிய பைக்குள் வியர்த்து அழுகத்தான் செய்யும். காற்றோட்டமாக வைக்கும்படி மூட்டையிலேயே அச்சிட்டிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்காததற்கு விற்றவர் பொறுப்பாக மாட்டார்.

கேள்வி: சான்று பெற்ற விதை என்று சொல்லி விற்ற மூட்டையில் அட்டை இல்லை. கவனமாகச் சேமித்து நட்டும் பாதி முளைக்கவில்லை. என் சேமிப்பில் தவறா?

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் சேமிப்பில் குறை தெரியவில்லை. சமையலுக்கான கிழங்கு நாள்பட்டும் முளைவிடாதிருக்க அதற்கு முளைத்தடுப்பு மருந்து இடுவது உண்டு. அத்தகைய கிழங்கை விதையென்று விற்றால் வாங்கியவர் எவ்வளவு பாடுபட்டும் பயனில்லை. என்னை ஆண்டுக்கணக்காக வருத்தும் விஷயம் இது. அட்டை பிரிந்த மூட்டை ஒன்றை விலை குறைவென்று நானும் ஒருமுறை வாங்கினேன். கிழங்குகள் பார்வைக்கு மாசற்று இருந்தன. ஆனால் முளைத்த செடிகள் குட்டையாகவே நின்றன, அவற்றின் கீழிலைகள் தோல்போலத் தடித்து மேல்நோக்கிச் சுருண்டு, விரலால் மடக்கினால் மொறுமொறுவென முறிந்தன. அது, அசுவினி எனும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் இலைச்சுருள் வைரஸ். கிழங்கின் உள்ளே இருக்கும் அந்த நோயைக் கண்ணால் காணவும் முடியாது, குளிர்பதனக் கிடங்கில் வைத்துப் போக்கவும் முடியாது. அதனால்தான் வயலிலேயே செடிகளைச் சோதித்து வழங்கும் சான்று அட்டைக்கு இவ்வளவு மதிப்பு. அட்டையில் ரகமும், எந்தத் தொகுதி விதை என்று காட்டும் குவியல் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, ரசீதிலும் 'விதை' என்றே எழுதி வாங்குங்கள். அறுவடைக்குப் பின் கிழங்கு முளைவிடாதிருக்கும் உறக்கநிலை கழிந்த பின் பத்துக் கிழங்குகளை வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து முளைக்கின்றனவா என்று பாருங்கள். இப்போது மீதமிருக்கும் கிழங்கு, மூட்டை, ரசீது எதையும் எறியாமல், வயலைப் படமெடுத்து, எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். உங்கள் உழைப்புக்கு ஈடு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: குளிர்பதனக் கிடங்கு வசதி இல்லை. விதையைக் காக்க வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நீண்ட காலச் சேமிப்புக்கு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரே சிறந்தது. அது கிடைக்காதபோது, நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் பரவும் கொட்டகையில், கிழங்குகளை இரண்டு மூன்று அடுக்குக்கு மிகாமல் தட்டுகளில் பரப்பி வையுங்கள். இருட்டில் வெளுத்து நீண்டு, தொட்டாலே ஒடியும் முளைகள், வெளிச்சத்தில் குட்டையாகவும் தடிப்பாகவும் நிற்கும். அசுவினியும் கிழங்கு அந்துப்பூச்சியும் நுழையாதபடி நெருக்கமான வலை கட்டுவது அவசியம். அழுகியதை வாரந்தோறும் பொறுக்கி அகற்றுங்கள்.

கேள்வி: அப்படி வைத்ததில் கிழங்குகள் பச்சையாகிவிட்டன. நடலாமா?

பதில்: தாராளமாக நடலாம், சமையலுக்கு மட்டும் எடுக்காதீர்கள்.